தரம் 10 வரலாறு செயற்றிட்டம்: நோட்ஸ் எப்படி எடுக்கிற, உசாத்துணை எப்படி எழுதுற?

கல்லடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 10. வரலாறுக்கு செயற்றிட்டம் குடுத்திருக்காங்க, நம்மட பக்கத்துல நடந்த ஒரு அனர்த்தத்தப் பத்தி எழுதணுமாம். வகுப்புல முக்கால்வாசிப் பேர் சுனாமி எடுத்துட்டாங்க எண்டு இவ 1978ல மட்டக்களப்புல அடிச்ச சூறாவளிய எடுத்துட்டா. நல்லதுதான், அம்மம்மா வீட்டோட இருக்கா, கேட்டா விடிய விடிய சொல்லுவா. பிரச்சின என்னெண்டா தகவல் இல்லாம இல்ல, கூடிப் போச்சு. போன் முழுக்க ஸ்க்ரீன்ஷொட், கணிதக் கொப்பிட பின்பக்கத்துல கொஞ்சம் கிறுக்கி வச்சிருக்கா, கொமினிகேசன் கடையில அடிச்ச போட்டோ கொப்பி ஒரு கட்டு, அதுல எந்தத் தாள் எந்தப் புத்தகம் எண்டு அவக்கே தெரியா. மிஸ் வேற சொல்லிட்டாவாம், கடைசிப் பக்கத்துல "உசாத்துணை: கூகுள், இணையம், பெற்றோர், ஆசிரியர்கள்" எண்டு எழுதிக்கொண்டு வந்தா இந்த முற புள்ளி இல்லையாம். நம்மட காலத்துல எல்லாரும் அப்படித்தானே எழுதிக் குடுத்த. செய்து பழகின ஆக்கள் ஆராவது வழி சொல்லுங்க.

வாவிக்கரை:
அக்கா முதல்ல மகள இன்னும் தேட விடாதீங்க. இருக்கிறத ஒழுங்குபடுத்தாம இன்னும் இன்னும் சேத்தா ஒருநாளும் முடியாது. ஒரு சிஆர் கொப்பி வாங்குங்க, நூறு பக்கம் போதும், இந்தச் செயற்றிட்டத்துக்கு மட்டும் எண்டு. முதல் நாலு பக்கத்த மூலங்களுக்கு எண்டு ஒதுக்கிட்டு, ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு இலக்கம் போடுங்க, மூ1, மூ2, மூ3 இப்படி. புத்தகமா இருந்தா எழுதினவர், பேர், வருசம், பதிப்பகம், ஊர். வெப்சைட்டா இருந்தா முகவரி முழுசா, ஆர் எழுதின, என்னைக்குப் பார்த்த எண்ட திகதி. மறுகா உள்ள எழுதுற ஒவ்வொரு நோட்டுக்கும் ஓரத்துல மூ3, பக் 47 எண்டு போட்டா சரி, ஒவ்வொரு தரமும் புத்தகத்துட பேர முழுசா எழுதத் தேவல்ல. எங்கட யுனிவசிட்டியில ரெண்டாம் வருசம் ஆய்வு செய்யேக்கதான் இதக் கட்டாயப்படுத்தினாங்க, தரம் 10லயே பழகினா எவ்வளவு லேசு.

மூலத்த எழுதாம நோட்ட எழுதக்கூடாது, இந்த ஒழுங்கு மட்டும் மாறக்கூடாது. புத்தகத்தத் திறந்தா முதல் பேனா போற இடம் மூலப் பக்கம். மறுகா எழுதுவம் எண்டு விட்டா எழுதமாட்டம், எல்லாருக்கும் தெரியும் அது.

பழைய சேர்:
தம்பி வாவிக்கரை சொன்னது சரி, ஆனா எனக்குக் கொப்பியில உடன்பாடு இல்ல. கொப்பியில எழுதினா எழுதின ஒழுங்குலயே கிடக்கும். சூறாவளி அடிச்ச நேரம் பத்தி 5ம் பக்கத்துல ஒண்டு, 31ம் பக்கத்துல ஒண்டு, 60ல இன்னொண்டு கிடந்தா எழுதுற நேரம் பிள்ளை கொப்பிய முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிக்கொண்டு இருக்கும். நான் பிள்ளைகளுக்கு அட்டைதான் சொல்லிக் குடுத்தனான். ஒரு பிரிஸ்டல் போட் வாங்கி உள்ளங்கை அளவுக்கு வெட்டினா ஒரு செயற்றிட்டத்துக்குத் தாராளம். ஒரு அட்டையில ஒரு விசயம் மட்டும். மேல இடது பக்கம் தலைப்பு: "காற்று அடிச்ச நேரம்", "தென்னந்தோட்ட அழிவு", "நிவாரணம்" இப்படி. மேல வலது பக்கம் மூல இலக்கமும் பக்கமும். நடுவுல விசயம். எழுதுற நேரம் வந்தா அட்டையெல்லாத்தையும் பாயில பரப்பி வச்சு ஒரே தலைப்புக்காரர ஒண்டாச் சேர்த்தா அத்தியாயம் தானா வரும். நிக்லாஸ் லூமான் எண்டு ஜெர்மனியில ஒரு சமூகவியல் பேராசிரியர் இருந்தவர், வாழ்நாள் முழுக்க சுமார் 90,000 அட்டை எழுதி வச்சு அதுல இருந்துதான் புத்தகம் புத்தகமா எழுதினவர். நம்மட பிள்ளைக்கு ஐம்பது அட்டை காணும்.

ஏஎல் பொடியன்:
சேர் கோவிக்காதீங்க, இந்தக் காலத்துல பிரிஸ்டல் போட் வெட்டிக்கொண்டு ஆர் இருக்கிற? ஏஐட்ட "1978 மட்டக்களப்பு சூறாவளி பற்றி பத்துப் பக்கத்துல எழுதி உசாத்துணையோட தா" எண்டா ரெண்டு நிமிசம். எங்கட பெச்ல எல்லாரும் அப்படித்தான். மிஸ்மாரும் கடைசிப் பக்கத்த ஒழுங்கா வாசிக்கிறல்ல, அட்டப் படம் வடிவா இருந்தா புள்ளி விழும்.

நூலக ராத்தா:
தம்பி, நீங்க சொன்ன அந்த லிஸ்ட்டோட எங்கட லைப்ரரிக்குப் புள்ளைகள் வாறாங்க. கவுன்டர்ல நீட்டுவாங்க, "ராத்தா இந்தப் புத்தகம் இரிக்கா" எண்டு. தேடிப் பார்த்தா அப்படியொரு புத்தகம் உலகத்துலயே இல்ல. எழுதினவர்ட பேர் உண்மையா இரிக்கும், புத்தகத்துட பேர் கற்பனை. இல்லாட்டி புத்தகம் உண்மை, விசயம் பொய். போன கிழமை ஒரு புள்ள கொண்டு வந்த லிஸ்ட்ல சூறாவளிக்கு மூலமா வீ.சீ. கந்தையாட மட்டக்களப்புத் தமிழகம் இருந்திச்சு. நல்ல புத்தகம், நம்மட மாவட்டத்தப் பத்திப் படிக்கிற ஆரும் தொடாமப் போக ஏலாது. ஆனா அது வந்தது 1964ல. 78ல அடிச்ச சூறாவளி 64ல வந்த புத்தகத்துல எப்படிகா வரும்? வருசத்தப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

ஏஐட்டக் கேக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. எதத் தேடலாம், எந்தச் சொல்லால தேடலாம் எண்டு கேளுங்க, விளங்காத இங்கிலிஸ் பந்திய விளங்கப்படுத்தச் சொல்லுங்க. ஆனா கையில எடுத்துப் பார்க்காத ஒண்ட உசாத்துணையில போடக்கூடாது.

கல்லடி அம்மாக்கு: மகள்ட அந்த போட்டோ கொப்பிக் கட்டு இரிக்கே, அத வீசிப்போடாதீங்க. எந்த லைப்ரரியில எடுத்தாவோ அங்கயே கொண்டு போனா கண்டுபிடிக்கலாம், பக்கத்துட மேல ஓரத்துல பல நேரம் புத்தகத்துட பேரோ அத்தியாயத்துட பேரோ அச்சாகி இரிக்கும். இனிமே எடுக்கிற எண்டா முதல் தாள் புத்தகத்துட தலைப்புப் பக்கம், ரெண்டாவது தாள் அதுட பின்பக்கம், அங்கதான் பதிப்பு, வருசம், அச்சகம், ஐஎஸ்பிஎன் எல்லாம் கிடக்கும். அதுக்குப் பொறகுதான் தேவையான பக்கம். கொப்பி அடிக்கக் குடுக்கிற நேரம் "பக்க இலக்கம் வெட்டுப்படாம அடிங்க" எண்டு வாய் திறந்து சொல்லணும், இல்லாட்டிக் கீழ் ஓரம் போயிரும்.

கல்முனை நானா:
பழைய புத்தகத்துல இன்னொண்டும் இரிக்கி. மறுபதிப்பு வந்தா பக்கம் மாறும். ஒராள் முதல் பதிப்பப் பார்த்து பக்கம் 210 எண்டு எழுதுவார், மத்தவர் புதுப் பதிப்பத் தூக்கிப் பார்த்து "இங்க அப்படியொண்டும் இல்லையே, பொய் எழுதியிருக்கான்" எண்டுவார். ரெண்டு பேரும் சரி. எந்தப் பதிப்பு எண்டு எழுதாததுதான் பிழை.

கல்லடி அம்மா:
ராத்தா, சேர், தம்பிமார் எல்லாருக்கும் நன்றி. கொப்பியும் வாங்கியாச்சு, பிரிஸ்டல் போட்டும் வாங்கியாச்சு, எது ஒத்துவருதெண்டு அவ பார்க்கட்டும். இப்ப அடுத்த குழப்பம். ஒரு வெப்சைட்ல செத்த ஆக்கள் 915 எண்டு கிடக்கு, இன்னொண்டுல ஏறத்தாழ ஆயிரம் எண்டு கிடக்கு. திகதியும் ஒரு இடத்துல நவம்பர் 23, வேற இடத்துல 24. அம்மம்மா வியாழக்கிழமை ராவு எண்டு அடிச்சுச் சொல்றா. பக்கத்து வீட்டு மூத்தம்மா, அவங்க முஸ்லிம் ஆக்கள், வெள்ளிக்கிழமை ராவு எண்டுறாங்க. எத எழுதுற?

கல்முனை நானா:
தங்கச்சி, உங்கட அம்மம்மாவும் சரி, அந்த மூத்தம்மாவும் சரி. 1978 நவம்பர் 23 வியாழக்கிழமை, போன் கலண்டர்ல பின்னால போய்ப் பார்க்கலாம். எங்கட ஆக்களுக்கு மஃரிபோட நாள் மாறிரும், வியாழன் பின்னேரம் பொழுது பட்டா அது வெள்ளி ராவு. என்ட உம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. இன்னொரு சாட்சியும் இரிக்கி: அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சு ரெண்டு கிழமைக்குள்ளதான் சூறாவளி அடிச்ச. வயசான ஆக்கள்ட்ட "எத்தனையாம் திகதி" எண்டு கேட்டா வராது. "பெருநாளுக்கு முந்தியா பிந்தியா", "வெள்ளாமை எந்தளவுல நிண்ட", "ஆர்ட கலியாணம் நடந்த வருசம்" எண்டு கேக்கணும், வரும்.

அதோட 24 எண்டு போட்ட பக்கம் இந்தியாப் பக்கமா எண்டு பாருங்க. அந்தச் சூறாவளி 23 ராவு மட்டக்களப்புல கரை ஏறி, நாட்டக் குறுக்கால கடந்து மன்னார் வளைகுடாவுக்குள்ள இறங்கி, 24ம் திகதி தமிழ்நாட்டுல ராமநாதபுரம் பக்கம் திரும்பவும் கரை ஏறின. அவங்களுக்கு 24, நமக்கு 23. மகள் இத ஒரு அட்டையில எழுதி வச்சாலே மிஸ்ஸுக்கு விளங்கும் புள்ள தேடிப் பார்த்திருக்கு எண்டு.

வாவிக்கரை:
நானா கலக்கிட்டீங்க. 915, ஆயிரம் கதைக்கு நான் வாறன். அக்கா, ஒண்டத் தெரிவு செய்து மத்தத மறைக்கச் சொல்லாதீங்க. "915 பேர் என மூ4 குறிப்பிடுகிறது, ஏறத்தாழ 1000 பேர் என மூ7 குறிப்பிடுகிறது" எண்டு ரெண்டையும் எழுதலாம், அதுதான் ஆய்வு. அதுக்கு முன்ன ஒரு வேல இருக்கு, அந்த வெப்சைட்டுகள் எங்க இருந்து எடுத்த எண்டு பாருங்க. மூணு வெப்சைட்ல 915 எண்டு கிடந்தா மூணு சாட்சி எண்டு நினைப்பம், பந்தியப் பக்கத்துல வச்சு வாசிச்சா வசனம் வசனமா ஒண்டு, ஒராள்ட்ட இருந்து மத்தவன் உருவியிருப்பான். மூணு கடையில வாங்கினாலும் மீன் ஒரு தோணியில வந்தது. அப்ப அது ஒரு மூலம்தான்.

விக்கிபீடியாவ ஆரம்பத்துக்கு வச்சுக்கொள்ளலாம், வாசிச்சு விசயத்தப் பிடிக்க நல்லது, ஆனா பள்ளிக்கூட வேலைக்குத் தன்ன நேரடி மூலமாக் காட்ட வேணாமெண்டு அவங்களே சொல்றாங்க. பக்கத்துட அடியில குறிப்புகள் எண்டு இலக்கம் இலக்கமா கிடக்கும், அதக் கிளிக் பண்ணிப் போய் மூல அறிக்கையவோ பேப்பரையோ பார்த்து அத எழுதுங்க. கிளிக் பண்ணினா பக்கம் இல்லை எண்டு வந்தா அந்தத் தகவல ஒரு கேள்விக்குறியோட வையுங்க.

பழைய சேர்:
மூலம் எண்டா எல்லாம் ஒரே நிறை இல்ல எண்டதையும் பிள்ளைக்குச் சொல்லுங்க. 78 நவம்பர் கடைசியில வந்த வீரகேசரி, தினகரன், ஈழநாடு பேப்பர் அந்த நேரத்துக் கண். அம்மம்மா அனுபவிச்ச ஆள், ஆனா ஐம்பது வருசத்துக்குக் கிட்டப் பிறகு சொல்றா. அனர்த்த முகாமைத்துவ நிலையம் சுனாமிக்குப் பிறகு 2005ம் ஆண்டுச் சட்டத்தோட வந்தது, அப்ப அவங்கட 78 கணக்கு பின்னால தொகுத்ததுதானே, அத எங்க இருந்து தொகுத்தாங்க எண்டு பார்க்கணும். ஒண்டையும் ஒதுக்கச் சொல்லல்ல. எது அந்த நேரத்தது, எது பிந்தினது எண்டு மூலப் பக்கத்துல ஒரு சொல் எழுதி வைக்கலாம்.

சனத்தொகையிலயும் பிள்ளைகள் வழுக்கி விழுற இடம் ஒண்டு இருக்கு. "அப்ப மட்டக்களப்புல எத்தனை பேர் இருந்த" எண்டு எழுத வெளிக்கிட்டு 2012 கணக்கத் தூக்கிப் போடுவாங்க. 78க்கு முந்தின குடிசன மதிப்பு 1971, பிந்தினது 1981. அதுக்குப் பிறகு 2001ல எடுத்தாங்க, ஆனா யுத்தத்தால மட்டக்களப்புல முழுசா எண்ண முடியேல்ல, அம்பாறையில எண்ணினாங்க. அதால 2001 அட்டவணையில ரெண்டு மாவட்டத்தையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா கணக்குப் பிழைக்கும். ஒரு எண்ண எழுதினா பக்கத்துல எந்த வருசத்து எண் எண்டு எழுதாம விடக்கூடாது, அவ்வளவுதான்.

சம்மாந்துறை டீச்சர்:
நானும் இந்தச் செயற்றிட்டங்களத் திருத்துற ஆள்தான், அதால கொஞ்சம் மறுத்துக் கதைக்கிறன். எல்லாரும் சொல்றது சரி, ஆனா தரம் 10 புள்ளைக்கு இது வரலாறு மட்டுமில்ல, ஒன்பது பாடம். எல்லாப் பாடத்துலயும் ஒப்படை இரிக்கி. வீட்டுல உக்காந்து அட்டை வெட்டி, இலக்கம் போட்டு, பதிப்பு பார்த்து, ஹிஜ்ரிக் கணக்கு பார்த்து... உம்மாமார்தான் கடைசியில செய்யப் போறாங்க. ஏற்கனவே வாற செயற்றிட்டத்துல பாதி உம்மாட கையெழுத்து, மிச்சம் கடையில டைப் அடிச்சது. கடையில ரெடிமேட்டா சூறாவளி, சுனாமி, போதைப்பொருள் எண்டு தலைப்பு வாரியா வச்சிரிக்காங்க, பேர் மட்டும் மாத்தினாச் சரி. ரெண்டு புள்ளை ஒரே எழுத்துப்பிழையோட கொண்டு வந்து நீட்டுவாங்க. ஆர் செஞ்ச எண்டு நமக்குத் தெரியாதா? அட்டைப் படத்துக்குப் புள்ளி விழுது எண்டு அந்தத் தம்பி சொன்னதுல உண்மையும் இரிக்கி, நாப்பது பேர்ட பைல் மேசையில குவிஞ்சா சில ஆக்கள் அப்படித்தான் போடுறாங்க. நான் அப்படி இல்ல எண்டு சொல்லிக்கிறன்.

எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்டு, புள்ளை எழுதின வசனம் எது, புத்தகத்துல இருந்து அப்படியே எடுத்த வசனம் எது எண்டு பிரிச்சுத் தெரியணும். ரெண்டு, "இத எங்க பார்த்த" எண்டு நான் கேட்டா காட்ட ஏலணும். ஏபிஏ எண்ட உசாத்துணை எழுதுற முறை, முற்றுப்புள்ளி எங்க, சாய்வெழுத்து எங்க எண்டு புள்ளையப் பயப்படுத்தத் தேவல்ல, அது கெம்பஸ் போனாப் பழகலாம்.

வாவிக்கரை:
டீச்சர் முற்றுப்புள்ளிய விடுவம், ஆனா ஒரு ஒழுங்கு வேணும்தானே. எழுதினவர், வருசம், பேர், ஊர், பதிப்பகம், இந்த ஒழுங்குல எல்லாத்தையும் எழுதினா சரி. முழுக்க ஒரே மாதிரி இருக்கணும், அதுதான். ஒண்டுல வருசம் முன்னுக்கும் மத்ததுல பின்னுக்கும் கிடந்தாத்தான் அலங்கோலம்.

சம்மாந்துறை டீச்சர்:
அதுக்கு நான் மறுப்பில்ல. பேர் எழுதுற விசயத்துல மட்டும் நம்மட புள்ளைகள் தடுமாறுறாங்க, அதச் சொல்லிர்றன். வீ.சீ. கந்தையா எண்டா கந்தையா, வீ.சீ. எண்டு எழுதி 'க'வுல போடணும். இங்கிலிஸ் புத்தகத்துக்குச் சொல்லிக் குடுக்கிற குடும்பப் பேர் கணக்கு நமக்குச் சரிவராது, முதலெழுத்து தகப்பன்ட பேரோ ஊர்ட பேரோதான். அதப் பிடிச்சு அகரவரிசையில போட்டா ஆரும் கண்டுபிடிக்க ஏலாது.

பழைய சேர்:
டீச்சர் சொன்ன முதலாவது விசயத்துக்கு என்ட முறைய எழுதுறன், லேசானது, நேரமும் எடுக்காது. நோட் எடுக்கிற நேரமே மூண்டு விதமாப் பிரிச்சிருவன். புத்தகத்து வசனத்த அப்படியே எடுத்தா மேற்கோள் குறிக்குள்ள, ஒரு எழுத்தும் மாத்தாம, பிழை கிடந்தா பிழையோட. வாசிச்சு விளங்கி என்ட சொல்லுல எழுதினா சும்மா எழுதுவன், மேற்கோள் குறி இல்ல, ஆனா மூல இலக்கம் கட்டாயம். எனக்குத் தோணின யோசினை எண்டா முன்னுக்கு "நா" எண்டு போட்டு வட்டம். இந்த மூண்டும் கலந்துபோனா பிறகு பிரிக்க ஏலாது, பிள்ளை களவெடுக்கணும் எண்டு நினைக்காமலே அடுத்தவன்ட வசனத்த தன்ட எண்டு குடுத்திரும்.

என்ட சொல்லுல எழுதுறது எண்டா புத்தகத்த மூடிட்டு எழுதணும். திறந்து வச்சுக்கொண்டு "அழிவடைந்தன" எண்டத "நாசமாகின" எண்டு மாத்துறது சொந்தச் சொல் இல்ல.

கொப்பிதான் வேணுமெண்டா தாளுட இடது பக்கம் மூண்டு விரல் அகலத்துல கோடு கீறி, வலது பக்கம் நோட், இடது பக்கம் கேள்வி, அடியில நாலு வரியில சுருக்கம் எண்டு வைக்கலாம். அமெரிக்காவுல கோர்னெல் பல்கலைக்கழகத்துல வோல்டர் போக் எண்டவர் 1950கள்ல சொல்லிக் குடுத்த முறை. இந்த வேலைக்கு அதுல பிரயோசனமான இடம் இடது பக்கம்தான். "தென்னை எத்தனை ஏக்கர் விழுந்த?" எண்டு இடதுல எழுதிப்போட்டு வலது வெறுமையாக் கிடந்தா இன்னும் தேடவேண்டியது எது எண்டு பார்த்த உடன தெரியும்.

ஏஎல் பொடியன்:
சரி சரி எல்லாரும் சேர்ந்து என்ன அடிக்கிறீங்க 😂 ஒண்டு சொல்றன், கொம்பியூட்டர் இருந்தா சொட்டெரோ எண்டு ஒரு மென்பொருள் இருக்கு, காசு இல்ல. 2006ல ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துல செய்தது. வெப்சைட்டப் பார்க்கேக்க ஒரு பட்டன அமுக்கினா பேர், திகதி, முகவரி எல்லாம் தானாப் பிடிச்சு வச்சுக்கொள்ளும், கடைசியில உசாத்துணைப் பட்டியல தானே அடுக்கித் தரும். தமிழ்ப் பக்கங்கள்ல எழுதினவர்ட பேர சில நேரம் ஒழுங்காப் பிடிக்காது, அதக் கையால திருத்தணும். எங்கட அண்ணா கெம்பஸ்ல பாவிக்கிறார்.

போன் மட்டும்தான் எண்டா இந்தச் செயற்றிட்டத்துக்குத் தனி அல்பம் ஒண்டு போடுங்க. ஸ்க்ரீன்ஷொட் எடுக்கேக்க மேல முகவரி தெரியிற மாதிரி எடுங்க, வெட்டி எடுத்தா எந்த வெப்சைட் எண்டு பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. புத்தகத்தப் படம் பிடிக்கிற எண்டா ராத்தா சொன்ன மாதிரி அட்டையும் உள்பக்கமும் முதல்.

நூலக ராத்தா:
இப்பதான் தம்பி நல்ல புள்ளையாக் கதைக்கிற. பழைய பேப்பர் தேடுற ஆக்களுக்கு ஒரு விசயம், கொழும்புல தேசிய சுவடிகள் திணைக்களத்துல கிடக்கும், ஆனா தரம் 10 புள்ளைய அதுக்காக பஸ்ல ஏத்தத் தேவல்ல. நூலகம் எண்ட இணையத்தளத்துல, 2005ல தொடங்கின, ஈழத்துப் புத்தகம், பேப்பர், சஞ்சிகை எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டிரிக்காங்க, சும்மா வாசிக்கலாம். ஒவ்வொண்டுக்கும் ஒரு நூலக எண் இரிக்கி, புத்தக விபரத்தோட அந்த எண்ணையும் சேர்த்து எழுதினா ஆரும் போய்ப் பார்க்கலாம். பேப்பர் எண்டா பேப்பர்ட பேர், திகதி, பக்கம், செய்தித் தலைப்பு, இந்த நாலும்.

கல்முனை நானா:
வாய்மொழியா எடுக்கிறதப் பத்தி ஆரும் இன்னும் விரிவாச் சொல்லல்ல, நம்மட பக்கத்துல அதுதான் பெரிய சொத்து, அதால நான் நீளமா எழுதுறன். அம்மம்மாட்டக் கேக்கப் போக முதல் மகள் பத்துக் கேள்விய எழுதி வைக்கட்டும், ஆனா அந்த ஒழுங்குல கேக்க வேணாம், அவ போற போக்குல விட்டுட்டு விட்டுப்போனத மட்டும் கடைசியில கேக்கிற. போன்ல ரெக்கோட் பண்ற எண்டா முதல்ல கேட்டுட்டுப் பண்ணணும், சொந்த அம்மம்மா எண்டாலும். ரெக்கோட் தொடங்கின உடன புள்ளை தன்ட குரல்ல சொல்லணும்: இண்டைக்குத் திகதி இது, இடம் இது, கதைக்கிறவங்க இவங்க, 78ல இவங்களுக்கு இத்தனை வயசு, அண்டைக்கு இவங்க இருந்த ஊர் இது. இந்த அஞ்சும் இல்லாட்டி அது வெறும் கதை. வயசு ஏன் எண்டா ஏழு வயசுல பார்த்ததும் முப்பது வயசுல பார்த்ததும் ஒண்டில்ல. ஊர் ஏன் எண்டா கல்லடியில கடல் பக்கம் இருந்த ஆளும் வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்த ஆளும் பார்த்தது வேற வேற.

மறுகா இன்னொண்டு. "நான் பார்த்த" எண்டு சொல்றதையும் "அப்படியாம்" எண்டு சொல்றதையும் பிரிச்சு எழுதணும். எங்கட வீட்டுக் கூரை போச்சு எண்டது பார்த்தது. அந்த ஊர்ல முன்னூறு பேர் மௌத்தாம் எண்டது கேட்டது. ரெண்டையும் எழுதலாம், ஒரே நிறத்துல எழுதக்கூடாது. கேட்டு முடிஞ்ச அண்டைக்கே எழுதிரணும், அடுத்த கிழமைக்கு விட்டா புள்ளைட ஞாபகமும் சேர்ந்து கலந்திரும்.

சம்மாந்துறை டீச்சர்:
நானா சொன்ன மாதிரி ஒரு புள்ளை கொண்டு வந்தா நான் அட்டைப் படத்தப் பார்க்கவே மாட்டன், முழுப் புள்ளி. ஆனா அவங்கட பேர செயற்றிட்டத்துல போடுறதுக்கும் கேக்கணும். விருப்பமில்லாட்டி "கல்லடியைச் சேர்ந்த, அப்போது 24 வயதான பெண்" எண்டு எழுதினாப் போதும். வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி வச்சிருக்கிற செயற்றிட்டம் பார்த்திருக்கன், அது தேவையே இல்ல.

கல்லடி அம்மா:
அம்மம்மாட்ட கேட்டாச்சு. பேர் போடலாமாம், போட்டோவும் போடணுமாம் 😄 சின்ன மாமா கட்டார்ல இருக்கார், அவர் வட்சப்ல வொய்ஸ் அனுப்பியிருக்கார், அப்ப அவருக்குப் பதினொரு வயசாம். அத எப்படி எழுதுற? மற்றது மகள் செய்த ஒரு அட்டைய அப்படியே கீழ எழுதுறன், பிழை இருந்தாச் சொல்லுங்க.

தலைப்பு: காற்று நிண்டு திரும்ப அடிச்சது
மூ2
"கண் பகுதி கடக்கும்போது காற்று சற்று ஓய்ந்து பின் எதிர்த்திசையிலிருந்து வீசத்தொடங்கும்."
அம்மம்மாவும் (மூ6) காற்று நிண்ட உடன வெளிய வந்த ஆக்களுக்குத்தான் கூடக் காயம் எண்டு சொன்னா, கேட்டது, பார்த்தது இல்ல.
(நா) ரெண்டு மூலமும் ஒத்துப்போகுது. எத்தனை நிமிசம் நிண்ட எண்டு வேற ஆக்கள்ட்டயும் கேக்கணும்.

கல்முனை நானா:
மாசா அல்லாஹ். கேட்டது, பார்த்தது இல்ல எண்டு போட்டிருக்கு பாருங்க. வட்சப் வொய்ஸும் நேர்காணல் மாதிரித்தான், குரல் பதிவு எண்டு போட்டு அனுப்பின திகதி, அவர் எங்க இருந்து அனுப்பின, 78ல எங்க இருந்த, வயசு. அந்த வொய்ஸ வேற இடத்துல சேமிச்சு வையுங்க, போன் மாத்தினாப் போயிரும்.

நூலக ராத்தா:
நல்ல அட்டை, ஆனா மூ2க்குப் பக்கம் எங்க? மேற்கோள் குறி போட்ட வசனத்துக்குப் பக்கம் இல்லாம விட ஏலாது.

கல்லடி அம்மா:
அதுதான் ராத்தா, அந்த போட்டோ கொப்பியில கீழ் ஓரம் வெட்டுப்பட்டுக் கிடக்கு. புத்தகத்துட பேர் கண்டுபிடிச்சாச்சு, பக்கம்தான் இல்ல. லைப்ரரியில அது உசாத்துணைப் பகுதியில கிடக்காம், வெளிய தரமாட்டாங்களாம்.

நூலக ராத்தா:
வெளிய தராட்டியும் உள்ள இருந்து பார்க்க விடுவாங்க. மகள் போட்டோ கொப்பியக் கையோட கொண்டு போகட்டும், முழுப் புத்தகத்தையும் புரட்டத் தேவல்ல, பொருளடக்கத்துல அந்த அத்தியாயம் எந்தப் பக்கத்துல தொடங்குது எண்டு பார்த்து அதுல இருந்து பந்திட முதல் சொல்ல வச்சுத் தேடினாக் கிடைக்கும். போறதுக்கு முன்ன கட்டுல வேற எந்தத் தாளுக்கெல்லாம் பக்கம் இல்ல எண்டு பார்த்து எல்லாத்தையும் ஒரே தரத்துல முடிக்கச் சொல்லுங்க. திங்கள் போய் நிக்காதீங்க, எங்கட லைப்ரரி மாதிரி அங்கயும் திங்கள் லீவா எண்டு முதல்ல கோல் எடுத்துக் கேளுங்க.